ரயிலில் பக்கத்தில் நின்றவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது? நேற்று நாங்கள் செய்தது பிழை என்று நினைக்கிறேன்

கடலோரக்காரன் | செவ்வாய், இரவு 9.12

நேற்று மாலை கோட்டையில் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தேன். கந்தோர் விடும் நேரம், சனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கதவடியில் நான்கு பேர் தொங்குகிறார்கள், உள்ளே கால் வைக்க இடமில்லை. கொம்பனித்தெருவில் ரயில் எடுத்த கையோடு என் பக்கத்தில் நின்ற பெடியன் ஒரு சத்தம் போட்டான். கத்தல் என்று சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் இருந்த காற்றை யாரோ பிழிந்து எடுத்தது போல ஒரு சத்தம். அப்படியே மரம் மாதிரிச் சாய்ந்தான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். உடம்பு விறைத்து, முகம் நீலம் பாய்ந்து, பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின. வாயில் நுரை.

அதுவரை இடமில்லாத பெட்டியில் எங்கிருந்து இடம் வந்ததோ, எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒருவர் திறப்புக்கோர்வையைக் கையில் திணித்தார். ஒரு அம்மா போத்தல் தண்ணீரை முகத்தில் ஊற்றினார். பல்லுக்கிடையில் வைக்க ஒரு கரண்டி வந்தது. இரண்டு பேர் கையை அமத்திப் பிடித்தார்கள், நான் காலைப் பிடித்தேன். பத்து நிமிடம் இழுத்திருக்கும். கொள்ளுப்பிட்டியில் ரயில் நிற்கும்போது அடங்கியது. வாயில் இரத்தம், முன்பல் ஒன்று உடைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எழும்பி, யாரென்று தெரியாமல் எங்களைத் தள்ளிவிட்டான். "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று பின்னால் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பம்பலப்பிட்டியில் இரண்டு பேர் அவனை இறக்கிக் கூட்டிப் போனார்கள்.

இரவு நித்திரை வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், என்ன செய்திருக்க வேண்டும்?

தெகிவளை அங்கிள் | செவ்வாய், இரவு 9.40

திறப்புக் கொடுத்தது சரிதான் தம்பி. நாற்பது வருடமாக இந்த லைனில் போய் வருகிறேன். மூன்று தரம் கண்ணால் கண்டிருக்கிறேன், மூன்று தரமும் இரும்பு கையில் பட்ட பிறகுதான் அடங்கியது. இங்கிலிஷ் வைத்தியத்துக்குத் தெரியாத விஷயங்களும் உலகத்தில் இருக்கின்றன. ஆனால் கரண்டி போட்டது யார்? அது மடத்தனம்.

சும்மா_பார்வையாளன் | செவ்வாய், இரவு 9.58

இதெல்லாம் கூகிளில் கிடக்கிறதே.

கடலோரக்காரன் | செவ்வாய், இரவு 10.03

பெட்டிக்குள் அவன் துடிக்கும்போது கூகிள் பார்க்க எனக்குக் கை வரவில்லை அண்ணா.

வார்ட்_மிஸ்ஸி | செவ்வாய், இரவு 11.20

முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுப் படுக்க முடியவில்லை. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பி, அது பத்து நிமிடம் இல்லை. கொம்பனித்தெருவில் ரயில் எடுத்தபோது தொடங்கியது, கொள்ளுப்பிட்டியில் நிற்கும்போது முடிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசன். எவ்வளவு மெதுவாகப் போனாலும் மூன்று, நான்கு நிமிடம். பார்க்கிறவருக்கு வலிப்பு எப்போதும் நீளமாகத்தான் தெரியும். வார்டிலும் பயிற்சித் தாதிமார் ஓடிவந்து "பத்து நிமிஷமா இழுக்குது மிஸ்" என்பார்கள், மணிக்கூட்டைப் பார்த்தால் இரண்டு நிமிடம். அதனால்தான் சொல்கிறேன், வலிப்பைக் கண்டால் கை முதலில் போக வேண்டியது மணிக்கூட்டுக்கு, அல்லது போனுக்கு. தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். டொக்டர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

இனி அங்கிளின் திறப்பு. அங்கிள், நீங்கள் கண்டது பொய் என்று சொல்ல மாட்டேன். உடம்பு முழுவதும் இழுக்கும் வலிப்புப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். ஒருவர் விழுந்து, சனம் கூடி, "இரும்பு, இரும்பு" என்று யாரோ கத்தி, இன்னொருவர் பொக்கற்றைத் தடவித் திறப்பை எடுத்து, இறுகிப் போன விரலைப் பிரித்து உள்ளே வைக்க எவ்வளவு நேரம் போகும்? இரண்டு நிமிடம். வலிப்பு தன் நேரத்துக்கு நிற்கிறது, பெயர் திறப்புக்குப் போகிறது. திறப்புத் தேடாமல் சும்மா நின்றிருந்தாலும் அதே நேரத்துக்குத்தான் நின்றிருக்கும். இறுகிய கைக்குள் கூரான இரும்பைத் திணித்துக் கை கிழிந்து வந்தவர்களுக்கு நானே மருந்து கட்டியிருக்கிறேன்.

நடப்பது என்னவென்றால், மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றுடன் ஒன்று மின் சைகைகளால்தான் கதைக்கின்றன. புறக்கோட்டையில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு கதை கதைத்தால் வியாபாரம் நடக்கும். ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் கத்தினால் யார் வியாபாரம் செய்வது? வலிப்பு அந்த மாதிரி. முதலில் தசை எல்லாம் ஒன்றாக இறுகும். நெஞ்சுத் தசை இறுகிக் காற்று தொண்டை வழியாகத் தள்ளப்படும்போது வருவதுதான் நீங்கள் கேட்ட சத்தம். நோவில் கத்துவது இல்லை அது. மூச்சு சற்றுத் தடைப்படுவதால் முகம் நீலமாகும். எச்சிலை விழுங்க முடியாததால் நுரை. நாக்கையோ கன்னத்தையோ கடித்திருந்தால் அதில் இரத்தம் கலக்கும். சிலருக்குச் சிறுநீர் போய்விடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்கு எதுவும் தெரியாது.

நாக்கை விழுங்கிவிடுவார் என்ற பயத்தில்தான் வாய்க்குள் சாமான் வைக்கிறார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது, அது அடியில் ஒட்டியிருக்கிறது. கடிபட்ட நாக்கு சில நாளில் ஆறும். கரண்டியில் உடைந்த பல் ஆறாது, உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போனால் அது வேறு வில்லங்கம். விரலை வைத்தால் விரல் போகும். தண்ணீரும் வேண்டாம், குளிசையும் வேண்டாம், முழுதாக நினைவு வந்து பெயரைச் சொல்லும் வரைக்கும் வாய்க்குள் எதுவும் வேண்டாம்.

காலைப் பிடித்ததற்காக நித்திரை முழிக்காதீர்கள் தம்பி, எல்லோரும் செய்வதுதான். ஆனால் அமத்திப் பிடித்தால் வலிப்பு நிற்காது. தசை கிழியும், தோள்மூட்டு விலகும். அந்தப் பெட்டியில் நான் நின்றிருந்தால் முதலில் கதவுப் பக்கம் இரண்டு பேரை நிற்க வைத்திருப்பேன், உருண்டு வெளியே விழாமல். தலை இருக்கைக் கம்பியில் மோதாமல் தலைக்குக் கீழே என் பையையோ சுருட்டிய சால்வையையோ வைத்திருப்பேன். கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பொத்தானையும் டையையும் தளர்த்துவேன். மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பேன். இழுப்பு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். எச்சில் வெளியே வழியும், மூச்சு சீராகும். இதற்குத்தான் உங்கள் இரண்டு கையும் தேவை, அதுவரைக்கும் இல்லை.

5 நிமிடம் தாண்டினால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. தானாக நிற்கும் கட்டத்தை அது தாண்டிவிட்டது என்று அர்த்தம், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டி வரும். நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்புத் தொடங்கினாலும், இழுப்பு நின்ற பிறகு மூச்சு சரியாக வராவிட்டாலும், விழுந்ததில் தலை அடிபட்டாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், சீனி வருத்தக்காரராக இருந்தாலும், தண்ணீருக்குள் நிற்கும்போது வலிப்பு வந்திருந்தாலும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே எடுங்கள். முதல் தரம் வந்தவரும் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பின் தெரியாத ஆளென்றால் அது முதல் தரமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சந்தேகமென்றால் எடுங்கள்.

எழும்பித் தள்ளினான் என்றீர்களே, அது குடி இல்லை. வலிப்பு முடிந்தாலும் மூளை தெளியக் கொஞ்ச நேரம் எடுக்கும், சிலருக்கு அரை மணித்தியாலமும் போகும். அந்த நேரம் பிடித்து இழுத்தால் பயத்தில் தள்ளுவார்கள். மெதுவாகக் கதைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

தெகிவளை அங்கிள் | புதன், காலை 6.15

படித்தேன். நீங்கள் சொல்லும் கணக்கு விளங்குகிறது மிஸ். ஆனால் பெரியவர்கள் காரணம் இல்லாமல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பழஞ்சுவடி | புதன், காலை 8.30

பெரியவர்கள் என்றதால் ஒன்று. நடராஜரின் காலடியில் குப்புறக் கிடக்கும் முயலகனைத் தெரியும்தானே? வடமொழியில் அவனுக்கு அபஸ்மாரன் என்று பெயர். அபஸ்மாரம் என்றால் வலிப்பு. தமிழிலும் முயலகன் என்பது ஒரு நோயின் பெயராக இருந்தது. சம்பந்தர் கதையில் வரும் சிற்றரசன் கொல்லி மழவனின் மகளுக்கு வந்ததும், திருப்பாச்சிலாச்சிராமக் கோவிலில் தீர்ந்ததும் அதுதான். 'காக்காய் வலிப்பு' என்பது கால்-கை வலிப்பு வாய்க்கு வாய் தேய்ந்து வந்த பெயர். காகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிங்களவர்களிடமும் 'வலிப்புவ' என்றால் விளங்கிக்கொள்வார்கள்.

வார்ட்_மிஸ்ஸி | புதன், காலை 9.05

முயலகன் கதை நல்லது. ஆனால் காலடியில் கிடக்கிறவன் அரக்கன், ரயிலில் கிடந்தவன் யாரோ பெற்ற பிள்ளை. இந்தப் பேய்க் கதையால்தான் பாதிப் பேர் வருத்தத்தை மறைக்கிறார்கள்.

ஊதாப்பூ | புதன், மதியம் 1.10

மறைக்கிறவர்களில் ஒருத்தி எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை. வயது 31. பதினாறு வயதிலிருந்து எனக்கு இது இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் வெளியே நின்று பார்த்ததை எழுதுகிறீர்கள். உள்ளே இருந்து சொல்கிறேன். எனக்கு முதலில் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறும், ஊஞ்சல் கீழே வரும்போது வருமே, அந்த மாதிரி. கூடவே ரப்பர் எரிந்த மணம். வேறு யாருக்கும் மணக்காது. சில நாள் அதோடு போய்விடும். சில நாள் அடுத்து நான் அறிவது, தரையில் இருந்து தெரியும் முகங்கள். நடுவில் ஒன்றும் இல்லை, கிழித்தெடுத்த தாள் மாதிரி. நாக்கு எரியும், உடம்பு முழுக்க அடித்துப் போட்ட நோவு, தலை இடிக்கும். அதைவிட மோசமானது, பாவாடை நனைந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கும் அந்த ஒரு நொடி.

எனக்கு உதவியவர்களில் மறக்க முடியாதவர் காலி வீதியில் பழம் விற்ற ஒரு சிங்கள அம்மா. என்னை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, பழக்கூடையை மூடியிருந்த துணியை எடுத்து இடுப்புக்குக் கீழே போர்த்திவிட்டார். போன் பிடித்துப் படமெடுத்தவர்களைத் திட்டித் துரத்தினார். எனக்கு நினைவு வந்தபோது என் கையைத் தடவிக்கொண்டு, என்ன நடந்தது, எத்தனை நிமிடம் நடந்தது என்று எனக்கு விளங்கும் சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான் செய்தார். மிஸ் எழுதிய பட்டியல் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வலிப்பும் விழுத்தி இழுப்பதில்லை. எனக்கு அடிக்கடி வருவது வேறு மாதிரி. கண் திறந்திருக்கும், வாயைச் சப்புவேன், சட்டைப் பொத்தானை நோண்டுவேன், சில நேரம் எழும்பி நடப்பேன். கூப்பிட்டால் கேட்காது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பக்கத்தில் இருப்பவர்கள் விசர் என்றோ திமிர் என்றோ நினைக்கிறார்கள். அந்த நேரம் பிடித்து உலுப்ப வேண்டாம், றோட்டுப் பக்கம் போனால் மட்டும் மெதுவாகத் திருப்பி விடுங்கள்.

மலைக்காற்று | புதன், மதியம் 2.25

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. நான் ஹட்டன் பக்கம். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். கடைப் பெயர் வேண்டாம். எனக்கும் இப்படித்தான், கஸ்டமர் முன்னால் அப்படியே நின்று துணியைக் கையால் கசக்கிக்கொண்டு இருப்பேனாம். முதலாளி போதை என்று நினைத்தார். பிறகு ஒரு நாள் கடைக்குள் விழுந்து இழுத்தது. அடுத்த நாள் கணக்கு முடித்துக் காசைக் கையில் தந்து விட்டார்கள்.

அந்தத் தரம் வந்தது ஏன் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது குளிசைப் பையைக் கொழும்பு அறையிலேயே விட்டுவிட்டேன். நான்கு நாள் குடிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை, இனித் தேவையில்லைப் போல என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் வந்து நேரே கடைக்குப் போனேன்.

வார்ட்_மிஸ்ஸி | புதன், பின்னேரம் 4.00

தம்பி, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்தால் கிளினிக்கில் முதலில் கேட்பது "குளிசை விட்டீங்களா" என்றுதான். இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் முன்பிருந்ததைவிடப் பலமாக, விடாமல் வரலாம். வலிப்பு வராத நாளில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது, தேவையில்லாமல் போகவில்லை. ஊருக்குப் போகும்போது பையில் ஒரு பங்கு, சட்டைப் பொக்கற்றில் ஒரு பங்கு என்று பிரித்து வையுங்கள். இரண்டு வருடமாவது ஒன்றும் வராமல் இருந்தால் டொக்டரே மெல்ல மெல்லக் குறைப்பதைப் பற்றிக் கதைப்பார். அது அவர் கணக்கு, நம் கணக்கு இல்லை.

உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த வருத்தம் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகக் கண்டுபிடித்துச் சரியாக மருந்தெடுத்தால் அதில் 70 சதவீதம் வரையானவர்கள் வலிப்பே இல்லாமல் வாழலாம். கடையில் நிற்கலாம், கலியாணம் கட்டலாம்.

மாளிகாவத்தை நானா | புதன், இரவு 8.45

அஸ்ஸலாமு அலைக்கும். மிஸ், எங்கள் சின்ன மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, இரண்டு நிமிடம். பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது இரண்டரை. காய்ச்சல் என்றாலே மனுசி அழத் தொடங்கிவிடுகிறா. இது பெரிய வருத்தமாக மாறுமா? உம்மா ஓதிப் பார்க்கவும் சொல்கிறா.

இன்னொன்று, என் தம்பி வலிப்புக்குக் குளிசை குடிப்பவர். நோன்பு வருகிறது, பகல் குளிசையை என்ன செய்வது?

வார்ட்_மிஸ்ஸி | புதன், இரவு 9.30

வஅலைக்குமுஸ்ஸலாம் நானா. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் காய்ச்சலோடு வரும் வலிப்புப் பிள்ளைகளில் சாதாரணமாகக் காண்பதுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பின்னாளில் வலிப்பு நோயாக மாறுவதில்லை, மூளையையும் பாதிப்பதில்லை. திரும்ப வந்தால் அதே முறைதான்: சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஒன்றும் வேண்டாம், நேரம் பாருங்கள். குளிர்தண்ணீரில் முக்க வேண்டாம். பரசிட்டமோல் பிள்ளைக்குச் சுகமாக இருக்கக் கொடுக்கலாம், ஆனால் அது வலிப்பைத் தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்ப்பதுதான் முக்கியம், அதுவும் டெங்குக் காலத்தில்.

ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. ஓதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

தம்பியின் விஷயம் நோன்பு தொடங்கிய பிறகு பார்க்கிறது இல்லை. இப்போதே கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் போகச் சொல்லுங்கள். சில மருந்துகளை விடியமுன் சாப்பிடும் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றலாம், சிலவற்றை முடியாது. சஹருக்காக நித்திரை குறைவதும் சிலருக்கு வலிப்பைக் கொண்டு வரும். தானாக ஒரு நேரக் குளிசையைத் தள்ளிவிடக் கூடாது.

மூன்றாம்தரம்_டீச்சர் | வியாழன், காலை 10.20

இடைவேளையில் எழுதுகிறேன். போன வருடம் என் வகுப்பில் ஒரு பிள்ளை. சொல்வதெழுதுதல் கொடுத்தால் நடுவில் மூன்று நான்கு சொல் இருக்காது. பிறகு சரியாக எழுதியிருக்கும், பிறகு திரும்ப ஓட்டை. கனவு காண்கிறாய் என்று ஏசினேன், ஒரு நாள் எழும்பி நிற்கவும் வைத்தேன். நின்றுகொண்டிருக்கும்போது கவனித்தேன், கண் இமை மெல்லத் துடிக்கிறது, பத்து நொடி, பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் பார்க்கிறாள். தாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதுவும் ஒரு வகை வலிப்பாம், ஒரு நாளில் பல பத்துத் தரம் வருமாம். மருந்து தொடங்கிய பிறகு சொல்வதெழுதுதலில் ஓட்டை இல்லை.

நிற்க வைத்ததை அவள் மறந்திருப்பாள். எனக்குத்தான் மறக்கவில்லை.

சும்மா_பார்வையாளன் | வியாழன், காலை 11.00

சரி, இது கூகிளில் இல்லை. ஒரு கேள்வி: வெசாக்குக்குக் கட்டும் மினுக்கு லைட் தோரணம், டிஸ்கோ லைட் எல்லாம் வலிப்புள்ளவர்கள் பார்க்கவே கூடாது என்கிறார்களே?

ஊதாப்பூ | வியாழன், மதியம் 12.40

மினுக்கும் வெளிச்சத்தால் வலிப்பு வருவது வலிப்புள்ள நூறு பேரில் மூன்று பேருக்கு மட்டும்தான். நான் அந்த மூன்றில் இல்லை என்று ஈஈஜி, அதாவது மூளையின் மின் சைகைகளைப் பதியும் சோதனை, எடுத்தபோது சொன்னார்கள், அதில் ஒரு லைட்டை முன்னால் மினுக்கிப் பார்ப்பார்கள். தோரணம் எனக்குப் பிரச்சினை இல்லை. தோரணம் பார்க்கப் போய் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவதுதான் பிரச்சினை. வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதவர்கள் சட்டென்று ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டால் நல்லது. இரண்டு கண்ணையும் மூடுவது போதாது, இமைக்குள்ளாலும் வெளிச்சம் போகும்.

ஈஈஜி பற்றி இன்னொன்று. எனக்கு முதல் தரம் எடுத்தபோது நோர்மல் என்று வந்தது. அம்மா கோவிலில் தேங்காய் உடைத்தா. அந்த அரை மணித்தியாலம் மூளை அமைதியாக இருந்தது என்பதுதான் அதன் அர்த்தம். என் நோயைக் கண்டுபிடிக்க உதவியது தங்கச்சி போனில் எடுத்த வீடியோ. வீட்டு ஆட்கள் டொக்டருக்குக் காட்ட எடுப்பது வேறு, றோட்டில் நிற்பவர் முகப்புத்தகத்துக்கு எடுப்பது வேறு.

வெள்ளவத்தை மாமி | வியாழன், பின்னேரம் 5.15

பிள்ளை ஊதாப்பூ, குறை நினைக்க வேண்டாம். கலியாணம் பேசும்போது இதைச் சொல்வீர்களா? என் அண்ணன் மகளுக்கும் இதே வருத்தம். சொன்னால் இடம் தட்டுகிறது, சொல்லாமல் செய்யப் பயமாக இருக்கிறது.

ஊதாப்பூ | வியாழன், இரவு 9.50

இரண்டு இடம் தட்டியது மாமி. மூன்றாவது இடத்தில் வீட்டாருக்கு முன்னால் இல்லாமல் அவரிடமே தனியாகச் சொன்னேன், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து. அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம் சரிக்கிறது, இடமா வலமா?" நான்கு வருடம் ஆகிறது. எந்தப் பக்கமும் சரிக்கலாம் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

மறைத்துச் செய்தால் குளிசையையும் மறைத்துக் குடிக்க வேண்டி வரும். மறைத்துக் குடித்தால் ஒரு நாள் விடுபடும், அன்றைக்கு எல்லாம் வெளியே வரும்.

அண்ணன் மகள் சோடியம் வல்ப்ரோயேட் குடிக்கிறாவா என்று கேளுங்கள். கர்ப்பத்தில் அந்த மருந்து எடுத்தால் பத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், அதைவிட அதிகமான பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வளர்ச்சியிலும் பின்னடைவு. கலியாணத்துக்கு முன்பே டொக்டரிடம் கதைத்தால் மாற்று மருந்து பார்ப்பார். எனக்கு மாற்றினார்கள், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலமும் தந்தார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்த வேண்டாம், அது இன்னும் ஆபத்து. எங்கள் மகனுக்கு இப்போது இரண்டு வயது. தரையில் துணி விரித்துத்தான் உடுப்பு மாற்றுகிறேன், குளிப்பாட்டும்போது வீட்டில் இன்னொருவர் இருப்பார்.

கடலோரக்காரன் | வெள்ளி, காலை 7.30

மிஸ், ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. இவ்வளவும் தெரிந்து நான் அந்தப் பெட்டியில் நின்றாலும் பதினைந்து பேர் சிங்களத்தில் கத்தும்போது எப்படித் தடுப்பது? என் சிங்களம் டிக்கட் எடுக்கும் அளவுக்குத்தான்.

வார்ட்_மிஸ்ஸி | வெள்ளி, காலை 8.10

நல்ல கேள்வி. இரண்டு வரி போதும். சனத்தை விலக்க: "டிகக் ஏத் வென்ன." வாயில் வைக்க வந்தால்: "கட்டட முக்குத் தான்ன எப்பா." சத்தமாக, நிதானமாக, வெள்ளைச் சட்டை போட்டவர் மாதிரிச் சொல்லுங்கள். வார்டில் நான் கண்டது, பயப்படாத குரல் ஒன்று கேட்டால் சனம் கேட்கும். அதோடு கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து "நீங்கள் 1990 எடுங்கள்" என்று கைகாட்டிச் சொல்ல வேண்டும். "யாராவது எடுங்க" என்றால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

கடலோரக்காரன் | மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 8.20

இந்த இழையைத் திரும்பத் திறப்பதற்கு மன்னிக்கவும்.

இன்று மாலை அந்தப் பெடியனைக் கண்டேன். கோட்டை ஸ்டேசனில், அதே மேடை. அவனுக்கு என்னைத் தெரியவில்லை, தெரிய வழியும் இல்லை. போய்க் கதைத்தேன். சிங்களப் பிள்ளை, மொரட்டுவையில் இருந்து கம்பியூட்டர் வகுப்புக்கு வருகிறான், ஆனால் தமிழும் கொஞ்சம் தெரியும். முன்பல்லுக்கு இன்னும் கட்டவில்லை. "யாரோ ஸ்பூன் போட்டிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

கரண்டி என்னுடையது. சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். முதல் நாள் இங்கே எழுதும்போது "ஒரு கரண்டி வந்தது" என்று எழுதினேன். அங்கிள் கேட்டபோதும் பதில் சொல்லவில்லை. அவனிடம் இன்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனின் பின்னுறைக்குள் இருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினான். அன்றைக்குப் பிறகு அக்கா செய்து கொடுத்ததாம். பெயர், குடிக்கும் மருந்து, தாயின் நம்பர், கீழே மூன்று மொழியிலும் "எனக்கு வலிப்பு உண்டு. சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் வைக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 1990." தமிழில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

ஊதாப்பூ | திங்கள், இரவு 8.55

அட்டை நல்ல யோசனை. எனக்கும் ஒன்று செய்யப் போகிறேன்.

தெகிவளை அங்கிள் | செவ்வாய், காலை 5.50

கரண்டி உன்னுடையதுதான் என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்தது தம்பி. திறப்பைப் பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் மிஸ் சொன்ன அந்தச் சிங்கள வரி இரண்டையும் தாளில் எழுதிப் பேர்சுக்குள் வைத்திருக்கிறேன். முதல் வரியில் 'ஏத்' என்பதை எப்படி உச்சரிப்பது? 'ஏ' என்றா, 'ஈ' என்றா?

வார்ட்_மிஸ்ஸி | செவ்வாய், காலை 6.30

இரண்டும் இல்லை அங்கிள். ஆடு கத்துவது போல வாயை அகலத் திறந்து ஒரு 'ஏ'. 'பேங்க்' என்று சொல்லிப் பாருங்கள், அந்தச் சத்தத்தை இழுத்தால் சரியாக வரும்.